ஜீரோ டர்ன் புல்வெட்டியில் முன் லோடர்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

ஜீரோ டர்ன் என்பது இரண்டு லிவரால் ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டி; லோடர் என்பது அதன் முன்னால் மாட்டும், பக்கெட் உள்ள தூக்கும் கை. லோடர் மாட்டிய ஜீரோ டர்ன் வண்டி திரும்ப மறுக்கும்போதும், பின் சக்கரம் சும்மா சுழலும்போதும், காஸ்டர் (தானே சுழன்று திரும்பும் முன் சக்கரம்) வளையும்போதும் எல்லோரும் முதலில் குறை சொல்வது லோடரைத்தான். பல நேரம் லோடர் சரியாகவே இருக்கும். எடை எங்கே போய் விழுகிறது என்பதில்தான் சிக்கல். புல் வெட்டுவதற்காகச் செய்த வண்டி இது. எடையின் பெரும்பங்கு பின் அச்சில் இருக்கும். ஓட்டமும் திருப்பமும் நிறுத்தமும் பின் சக்கரங்கள் இரண்டின் கையில். முன் காஸ்டர்கள் கூடவே உருள்வதோடு சரி. அதனால் கீழே எந்தக் கோளாறைத் தேடி வந்திருந்தாலும் முதலில் எடை, டயர் காற்று, போல்ட் மூன்றையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

## ஸ்பேனரை எடுக்கும் முன்

சமதளத்தில் நிறுத்தி, பிளேடு கிளட்சை அணைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்குங்கள். சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். வயரிங்கில் கை வைப்பதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்ற வேண்டும்.

லோடரின் கை தூக்கிய நிலையில்தான் பார்த்தாக வேண்டும் என்றால் இரும்பு ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ முட்டுக் கொடுத்த பிறகே கீழே குனியுங்கள். ஆக்சுவேட்டரோ (மின்மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு) வின்சோ (கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) சிலிண்டரோ பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக் கீழே போகக் கூடாது.

## பாரம் ஏற்றினால் பின் சக்கரம் சுழல்கிறது, வண்டி திரும்பவில்லை

### பக்கெட் காலியாக இருக்கும்போது சரியாகத் திரும்புகிறதா?

ஆம் என்றால் இது எடைச் சிக்கல். பக்கெட்டில் என்ன அள்ளுகிறீர்கள் என்று பாருங்கள். 50 லிட்டர் பக்கெட்டில் காய்ந்த மரச்சில்லு மல்ச் (செடியடியில் பரப்பும் மூடாக்கு) 15 முதல் 25 கிலோ, மட்கிய உரம் 25 முதல் 35 கிலோ. அதே பக்கெட்டில் காய்ந்த மணல் 80 கிலோ, ஈர மணல் 95 கிலோவைத் தாண்டும். குவித்து அள்ளினால் இன்னும் கூடும். மல்சுக்கு ஒத்துழைத்த வண்டி மணலுக்கு மறுப்பது இதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். காஸ்டர் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1,200 மி.மீ. என்று வையுங்கள். பக்கெட்டில் 100 கிலோ. அதன் மையம் காஸ்டர் அச்சுக்கு 600 மி.மீ. முன்னால். 100 × 600 ÷ 1,200 = 50. பின் அச்சில் 50 கிலோ குறைந்துவிட்டது. குறைந்த அந்த 50-ம் ஏற்றிய 100-ம் சேர்ந்து காஸ்டர்கள் மீது 150 கிலோ கூடிவிட்டது. 60 கிலோ எடையுள்ள லோடரின் மையம் 300 மி.மீ. முன்னால் இருந்தால் பின்னால் இன்னொரு 15 கிலோ குறையும், முன்னால் 75 கிலோ கூடும். மொத்தத்தில் பின் அச்சில் 65 கிலோ இழப்பு, காஸ்டர்களில் 225 கிலோ கூடுதல்.

இப்போது பின் அச்சுக்கு 400 மி.மீ. பின்னால் 50 கிலோ எதிர் எடை கட்டினால் பின் அச்சில் 50 × 1,600 ÷ 1,200, அதாவது ஏறக்குறைய 67 கிலோ ஏறும். இழந்தது திரும்பிவிட்டது. ஆனால் காஸ்டருக்குக் கிடைத்த நிம்மதி 17 கிலோதான். அங்கே இன்னும் 208 கிலோ கூடுதலாகவே இருக்கிறது. எதிர் எடை பின் சக்கரத்தின் பிடியைக் காப்பாற்றும், காஸ்டரைக் காப்பாற்றாது. "பின்னால் வெயிட் கட்டியாச்சு, இனி எவ்வளவும் தூக்கலாம்" என்ற எண்ணத்தில்தான் காஸ்டர்கள் உடைகின்றன.

செலவு குறைந்ததில் இருந்து வரிசையாக:

1. பாரத்தைப் பாதியாக்குங்கள். நடைகள் கூடும், வேறு நஷ்டம் இல்லை.
2. பாரத்தோடு போகும்போது பக்கெட்டைத் தரையில் இருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் மட்டும் வையுங்கள்.
3. பின் டயர்கள் இரண்டிலும் ஒரே காற்று இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். டயர்ச் சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதைத் தாண்டக் கூடாது.
4. டயர்ப் பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாகி இருந்தால் மாற்றுங்கள்.
5. எதிர் எடை. இன்ஜின் காப்புக் கம்பியில் தொங்கவிடாதீர்கள். அது எடை தாங்கச் செய்ததல்ல. பின் சட்டகத்தில் போல்ட் போட்டு, கழற்றி மாட்டும் தாங்கியாக அமையுங்கள்.

லோடரைக் கழற்றினால் எதிர் எடையையும் அன்றே கழற்றிவிட வேண்டும். மறந்துபோய் அதோடு மேட்டில் ஏறினாலோ லிவரைச் சட்டென்று முன்னால் தள்ளினாலோ வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

சரிவைப் பற்றி அழுத்தியே சொல்ல வேண்டும். பின் சக்கரம் பிடி இழந்தால் திருப்பம் மட்டுமல்ல, பிரேக்கும் போய்விடும். ஓட்டத்தில் இந்த வண்டியை நிறுத்துவதும் அதே பின் சக்கரங்கள்தான். பாரத்தோடு சரிவில் இறங்கும்போது வழுக்கத் தொடங்கினால் லிவரால் செய்ய ஒன்றுமில்லை. லோடர் வேலை சமதளத்தில் மட்டும் நடக்கட்டும்.

### காலியாக இருக்கும்போதும் ஒரு பக்கம் இழுக்கிறதா?

அப்படியானால் எடையை விட்டுவிட்டு டிரைவ் பக்கம் போங்கள். பின் டயர்க் காற்றுக்கு அடுத்து, பின்னால் உள்ள பைபாஸ் லிவர்களைப் பாருங்கள். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக விடுவித்ததில் ஒன்று முழுதாகத் திரும்பாமல் நின்றிருந்தால் அந்தப் பக்கம் பலம் குறையும். இரண்டும் சரி என்றால் ஓட்டு லிவரின் இணைப்புக் கம்பியைப் பாருங்கள். லோடர் தாங்கியைப் பொருத்தும்போது கம்பி வளைந்திருக்கலாம், அல்லது தாங்கியின் விளிம்பில் உரசி முழு நீளம் போகாமல் நிற்கலாம். எல்லாம் ஒழுங்காக இருந்தும் இழுத்தால் நேரோட்டத் திருகைத் திருத்தலாம். திருகியும் அடங்கவில்லை என்றால் டிரான்ஸ்ஆக்சில் (பின் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ராலிக் பெட்டி) தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

## காஸ்டர் ஆடுகிறது, சாய்ந்து நிற்கிறது

ஜாக்கியை வண்டிச் சட்டகத்துக்குக் கீழே வைத்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். லோடர் தாங்கிக்குக் கீழே வைக்கக் கூடாது. ஸ்டாண்ட் வைத்த பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

### சக்கரத்துக்கும் கவைக்கும் இடையே ஆட்டம்

கவை என்பது காஸ்டர் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் இரும்புக் கவட்டை. இங்கே ஆட்டம் என்றால் சக்கர பெயரிங்கோ புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. சக்கர போல்ட்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் கண்ணுக்கே தெரியும். புஷ் மட்டும் தேய்ந்திருந்தால் புஷ்ஷை மாற்றினால் போதும். லோடர் தொடர்ந்து ஓடப்போகிறது என்றால், அதே சக்கரத்துக்குப் பெயரிங் கிடைக்கும் பட்சத்தில் இந்த நேரத்திலேயே மாறிவிடுவது நல்லது. லோடர் ஓடும் நாட்களில் கிரீஸை அன்றன்றே அடியுங்கள்.

### கவைக்கும் சட்டகத்துக்கும் இடையே ஆட்டம்

செங்குத்துத் தண்டின் மேல் நட் தளர்ந்திருக்கலாம். மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். இன்னும் ஆடினால் தண்டின் பெயரிங் போய்விட்டது. கீழ்ப் பெயரிங்தான் முதலில் போகும். அதை மட்டும் மாற்றாமல் மேலும் கீழும் சேர்த்தே மாற்றுங்கள்.

### ஆட்டம் இல்லை, ஆனால் சாய்ந்திருக்கிறது

கவையைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். டயரின் உச்சி ஒரு இடத்தில் சட்டகத்துக்கு அருகிலும் எதிர்ப்பக்கம் தள்ளியும் வந்தால் தண்டோ கவையோ வளைந்துவிட்டது. சூடுபடுத்தி நிமிர்த்த வேண்டாம். நிமிர்த்திய தண்டு அடுத்த பாரத்தில் மறுபடி வளையும், அல்லது உடையும். புதிதாக மாற்றுங்கள்.

எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே அளவு சாய்வு என்றால் தண்டைத் தாங்கும் குழாயே சாய்ந்திருக்கிறது. குழாய் குறுக்குச் சட்டத்தோடு சேரும் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, துரு நிறத்தில் மெல்லிய கோடு தெரிகிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பெயின்ட் முடிபோலப் பிளந்திருக்கும் இடத்தில்தான் விரிசல் பெரும்பாலும் கிடைக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் விரிசல் காட்டும் சாய ஸ்பிரே வாங்கி அடித்துப் பார்க்கலாம். விரிசல் உறுதியானால் அத்தோடு உங்கள் வேலை முடிந்தது, வெல்டரைக் கூப்பிடுங்கள்.

தடித்த கவையும் கனமான டயரும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காஸ்டர் வலுத்தால் அடுத்து அடி வாங்குவது இந்தக் குழாய்தான். காஸ்டரை மாற்றுவதைவிட இதைச் சரிசெய்வது கடினம்.

## ரிவர்ஸ் எடுத்தால் முன்னால் டங்கென்று இடிக்கிறது

முன்னால் போகும்போது காஸ்டர் பின்னோக்கி இழுபட்டு வரும். ரிவர்ஸ் எடுத்ததும் அரைச் சுற்றுச் சுற்றி முன்பக்கம் வந்து நிற்கும். லோடர் தாங்கி நிற்பதும் அதே இடத்தில்தான். மாட்டும்போது வண்டி முன்னால் உருண்டு நின்றிருந்தால் இடைவெளி தாராளமாகத் தெரியும், முதல் ரிவர்ஸில்தான் உண்மை வெளிப்படும்.

முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு காஸ்டர்களையும் முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எல்லாப் பக்கமும் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். காலி பக்கெட்டோடு ஒருமுறை பார்த்த பின், பாரத்தோடு மெல்ல ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பாரத்தில் டயர் அமுங்கும், சட்டகமும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். போதவில்லை என்றால் தாங்கியை முன்னால் தள்ளுவதுதான் எளிய வழி. ஆனால் முன்னால் தள்ளும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் மேலே போட்ட கணக்கில் பின் அச்சுக்கு எதிராகப் போகும். பக்கவாட்டில் ஒதுக்க இடம் இருந்தால் அதையே செய்யுங்கள். சக்கரத்தைச் சிறிதாக்கி இடம் உண்டாக்காதீர்கள். டெக்கின் (பிளேடுகள் இருக்கும் கூட்டின்) மட்டம் கெடும், சின்ன டயர் பள்ளத்தில் சிக்கும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போதே ஓட்டு லிவர்களை முழுதாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். லிவரைப் பிடித்த விரலுக்கும் லோடர்க் கைக்கும் இடையே ஒரு உள்ளங்கை நுழைய வேண்டும். டெக் தூக்கும் பெடலுக்கும் இதே சோதனை. லோடர் வேலையின்போது டெக்கை உச்சத்துக்குத் தூக்கி, இறங்காதபடி பூட்டு ஊசியை (பின்) போட்டு வைக்க வேண்டும். கழற்றிவிட்டால் இன்னும் நல்லது.

## பக்கெட் தூக்கவில்லை, அல்லது ஊர்ந்து தூக்குகிறது

12 வோல்ட் ஆக்சுவேட்டரோ வின்சோ உள்ள லோடர்களுக்கு இது. மல்டிமீட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். யூகத்தில் ஆக்சுவேட்டரை மாற்றுவது வீண் செலவு.

### ஸ்விட்சை அழுத்தினால் சத்தமே இல்லை

ஃபியூஸ், பேட்டரி முனைகள், எர்த் ஒயர் போல்ட் என்ற வரிசையில் பாருங்கள். எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே வைத்து இறுக்கியிருந்தால் சுரண்டி, வெறும் இரும்பில் வைத்து இறுக்குங்கள். ஆக்சுவேட்டரைச் சட்டகத்தில் எர்த் செய்வதைவிட நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே ஒயர் இழுப்பது நம்பகமானது.

### ஓடுகிறது, ஆனால் பலம் இல்லை

இன்ஜின் அணைந்து சற்று நேரம் ஆன பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சார்ஜிங் பக்கம் கோளாறு.

அடுத்து, ஸ்விட்சை அழுத்திப் பாரம் தூக்கும்போது பேட்டரி முனையிலும் ஆக்சுவேட்டர் முனையிலும் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட் வரை பரவாயில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஒயர் மெலிது, அல்லது இணைப்பு எங்கோ கெட்டிருக்கிறது. போக வர 6 மீட்டர் ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் ஏறக்குறைய 1.4 வோல்ட் தொலையும். 4 சதுர மி.மீ. ஒயரில் அரை வோல்ட்தான். கையில் கிடைத்த விளக்கு ஒயரை இழுத்துவிட்டு ஆக்சுவேட்டரைக் குறை சொல்வது நியாயமில்லை.

புல்வெட்டி இன்ஜின்களின் ஆல்டர்னேட்டர் பல மாடல்களில் 10 முதல் 20 ஆம்பியர் வரைதான் தரும். பிளேடு கிளட்ச் மின்சாரத்தில் இயங்குவதாக இருந்தால் அதுவும் இதில் பங்கு கேட்கும். லோடர் வேலையில் பிளேடை அணைத்தே வையுங்கள்.

வயரிங் எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்ச நேரம் ஓடி நின்று, ஆறிய பின் மறுபடி ஓடினால் அது சூட்டில் தானே நிற்கும் பாதுகாப்பு. ஆக்சுவேட்டர் மேல் 25 சதவீதம் என்று எழுதியிருந்தால் நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடம் ஓட்டலாம், மூன்று நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள்.

### ஏறுகிறது, இறங்கவில்லை; அல்லது மறுதலை

கைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஆக்சுவேட்டர் முனையில் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது ஏற்றும் பக்கம் அழுத்தினால் கை இறங்குகிறதா? அப்படியானால் ஆக்சுவேட்டர் நலம். ஸ்விட்சின் அல்லது ரிலேயின் ஒரு பக்கம் போயிருக்கிறது. அப்படியும் இறங்கவில்லை என்றால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும், எல்லை வந்ததும் தானே நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் கெட்டிருக்கிறது. சில மாடல்களில் அதைத் தனியாக மாற்றலாம், பலவற்றில் முழு ஆக்சுவேட்டரையே மாற்ற வேண்டும்.

### ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். கைக்கு முட்டுக் கொடுத்து, ஆக்சுவேட்டர் தண்டின் பின்னைக் கழற்றி வெறுமனே ஓடவிடுங்கள். அப்போது ஃபியூஸ் போகாமல் இருந்தால் லோடரின் மூட்டில் எங்கோ இறுக்கம்: வளைந்த பின் ஊசி, கிரீஸ் காணாத புஷ், முறுக்கிக்கொண்ட கை. வெறும் ஓட்டத்திலும் போனால் ஒயர் எங்கோ சட்டகத்தில் உரசித் தோல் உரிந்திருக்கிறது. சீட்டைத் தூக்கிச் சாய்க்கும் கீல் பக்கம் முதலில் பாருங்கள்.

## தூக்கிய பக்கெட் தானாக இறங்குகிறது

### வின்ச் என்றால்

டிரம்மில் கயிறு எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். பாரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பல வின்ச்களில் ஒரு சுழற்சித் திசையில் மட்டுமே வேலை செய்யும். கயிறு தலைகீழாகச் சுற்றியிருந்தால் தூக்கும், பிடிக்காது. முழுதாக அவிழ்த்துச் சரியான பக்கம் சுற்றுங்கள். கை முழுதாக இறங்கிய நிலையிலும் டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்றுக் கயிறு மிச்சம் இருக்கட்டும். கம்பி இழை பிரிந்த கயிற்றை உடனே மாற்றுங்கள்.

### ஹைட்ராலிக் சிலிண்டர் என்றால்

சில நிமிடங்களில் ஓரிரு சென்டிமீட்டர் இறங்குவது சாதாரண வால்வில் இயல்பே. அதைவிட வேகம் என்றால் முதலில் லிவர் முழுதாக நடுநிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு ஹோஸ் இணைப்புகளிலும் தண்டின் சீலிலும் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, அட்டையை நீட்டித் தேடுங்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி இல்லாவிட்டாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

வெளிக்கசிவு இல்லை என்றால் வால்வுக்குள் தூசி, அல்லது பிஸ்டன் சீல். இரண்டும் ஹைட்ராலிக் பட்டறை வேலை.

லோடருக்கு எண்ணெய் வேண்டும் என்று டிரான்ஸ்ஆக்சிலில் துளையிட்டு எடுக்க முயல வேண்டாம். பம்பும் மோட்டாரும் ஒரே கூட்டில் இருக்கும் வகைகளில் வெளி வேலைக்கென்று வாய் வைத்திருக்க மாட்டார்கள். தனி பவர் பேக்தான் (மோட்டார், பம்ப், எண்ணெய்த் தொட்டி சேர்ந்த தொகுதி) வழி.

## பக்கெட் ஒரு பக்கம் சாய்கிறது

பார்க்கும் வரிசை: முன் டயர்க் காற்று, மூட்டுப் பின் ஊசிகளின் தேய்மானம், அதன் பிறகே சட்டகம். தரையில் இருக்கும்போது மட்டமாக இருந்து மேலே போனபின் சாய்ந்தால் கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஓரத்தால் மட்டும் மேட்டைக் குத்தித் தள்ளியதில் வருவது இது. தாங்கியின் மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கழற்றி நிமிர்த்த வேண்டும்.

## இன்ஜின் திடீரென்று அணைகிறது

பக்கெட்டின் விளிம்பைப் பார்ப்பதற்காக ஓட்டுபவர் முன்னால் எட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். உடல் எடை சீட்டை விட்டு எழுந்ததும் சீட் ஸ்விட்ச் இன்ஜினை அணைக்கும். இது கோளாறு அல்ல, சீட்டை முன்னால் நகர்த்தினால் தீரும். அந்த ஸ்விட்சை ஒயர் போட்டு ஏமாற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். முன்பாரத்தோடு கவிழும் வாய்ப்புள்ள வண்டியில் அது உயிர் காக்கும்.

எட்டிப் பார்க்காமலே அணைந்தால் தாங்கி மாட்டிய இடங்களில் வயரிங் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காந்த இக்னிஷன் உள்ள இன்ஜினில் அணைக்கும் ஒயர் சட்டகத்தைத் தொட்டாலே போதும், இன்ஜின் நின்றுவிடும். குலுங்கும்போது மட்டும் அணைகிறது என்றால் இதுவே முதல் சந்தேகம்.

## சூடானதும் வண்டி இழுக்கவில்லை

காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேர லோடர் வேலைக்குப் பின் சோர்ந்தால் டிரான்ஸ்ஆக்சில் சூடாகிறது. மேலே உள்ள சின்ன விசிறியின் இறக்கை உடைந்திருக்கிறதா, கூட்டின் மேல் புல்லும் மண்ணும் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து டிரைவ் பெல்ட், அதன் ஸ்பிரிங். பிறகு எண்ணெய் மட்டம். ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். பல மாடல்களில் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில் போகும், ஆனாலும் உங்கள் மேனுவல் சொல்வதையே ஊற்றுங்கள்.

எண்ணெய் மாற்றியபின் காற்றை வெளியேற்றுவது பலர் விட்டுவிடும் வேலை. பின் சக்கரங்களைத் தரையில் இருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பைபாஸைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு லிவர்களை மெல்ல முன்னும் பின்னுமாக ஐந்தாறு முறை தள்ளுங்கள். இன்ஜினை அணைத்து, பைபாஸை மூடி, மறுபடி அதையே செய்யுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் நிரப்புங்கள்.

மண்மேட்டில் முட்டிக்கொண்டு லிவரை அழுத்திப் பிடிப்பதும் இதே சூட்டைத்தான் கிளப்பும். இது தோண்டும் வண்டி அல்ல, இளகிய மண்ணை அள்ளும் வண்டி. எல்லாம் பார்த்தும் சூட்டில் சோர்வது தொடர்ந்தால் உள்ளே தேய்மானம். பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

## போல்ட்கள் தளர்கின்றன, சட்டகத்தில் கோடு விழுகிறது

8.8 தரமுள்ள போல்ட்களையே போடுங்கள். எம்10 என்றால் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12 என்றால் சுமார் 80 நியூட்டன் மீட்டர் இறுக்கம். நைலான் நட்டைக் கழற்றினால் புதிதே போடுங்கள். இறுக்கியபின் நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால் தளர்வது தூரத்தில் இருந்தே தெரியும். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் எல்லாவற்றையும் டார்க் ரென்சில் மறுபடி பாருங்கள்.

இறுக்க இறுக்கத் தளர்கிறது என்றால் போல்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். சதுரக் குழாய் நசுங்கிக்கொண்டே போகிறது. குழாய்க்குள் போல்ட் போகும் இடத்தில் இரும்புக் குழல் ஒன்றைச் செருகி, அதன் வழியாகப் போல்ட்டைப் போட வேண்டும். வெளியே அகலத் தகடு வைப்பதும் உதவும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டிருந்தால் பெரிய போல்ட் போடுவதற்கு முன் சுற்றிலும் விரிசல் தேடுங்கள். கவிழ்வுப் பாதுகாப்புக் கம்பியில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் துளையோ வெல்டிங்கோ கூடாது.

சட்டகத்தில் வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு ஒட்டியே மாட்டச் சொல்லுங்கள். தள்ளி மாட்டினால் மின்சாரம் பெயரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். விரிசலின் இரு முனைகளிலும் சின்னத் துளையிட்டு, கோட்டைக் குடைந்து திறந்தபின் நிரப்ப வேண்டும். மேலே ஒரு பட்டி வெல்டிங் ஓட்டிவிட்டு முடிந்தது என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். காஸ்டர்க் குழாயிலோ டிரான்ஸ்ஆக்சில் தாங்கியிலோ விரிசல் இருந்தால், அது சரியாகும் வரை லோடரைக் கழற்றிவிட்டுப் புல் வெட்டக்கூட அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.